கடுகு மாமாவின் பூட்ஸ்

இரண்டு கத்திவாயன்கள் வெந்நீராற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டனவாம். பார்த்தவன் யாரோ. அவனிடம் கேட்டவன் மீன்துறையில் ஐஸ் உடைக்கிறவன். அவன் ரொட்டிக்கடைக்காரரிடம் சொல்ல, ரொட்டி வாங்கப் போன அக்கா அதைக் கேட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னிடம் சொன்னாள். நான் எழுந்துபோய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். உட்கார்ந்து, மறுபடி போய்ப் பார்த்தேன்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வதந்திக்கு நாலு கால். கத்திவாயனுக்கு ரெண்டுதான். எது முதல்ல வந்து சேரும்னு படிச்சவன் நீயே சொல்லு, ரெண்டுநாக்கு."

ரெண்டுநாக்கு நான்தான். பதினான்கு மாதம் முன்பு வெளிநாட்டிலிருந்து இந்தத் தீவின் காவல் அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தேன். மிருகங்களின் தடம் பார்க்கும் தடக்காரர்கள் எழுதித் தரும் குறிப்புகளைத் தலைமையகத்தின் மொழிக்கு மாற்றுவது வேலை. இரண்டு மொழியில் படித்தவன் என்று அலுவலகம் என்னைச் சேர்த்துக்கொண்டது. மாமா என்னைப் பாம்போடு சேர்த்துவிட்டார்.

அவருக்கும் ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. கடுகு. ஆள் ஐந்தடிதான். காரத்தில் ஒரு குறையும் கிடையாது.

தீவின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கவிழ்த்துப் போட்ட சட்டி மாதிரி நடுவில் ஓர் அவிந்த எரிமலை. மேற்குச் சரிவில் மழை விட்ட நாள் கிடையாது. அங்கே இலை நுனிகள் காய்ந்து யாரும் பார்த்ததில்லை. அந்தக் காட்டின் ஓரமாக நெடுங்கழுத்தன்கள் மேயும். மூன்று மாடி உயரம், முப்பது நாற்பது உருப்படிகளாக. ஒரு மந்தை கடந்துபோனால் ஓடை தன் வழியை மாற்றிக்கொள்ளும். கிழக்கே மார்பளவுப் புல்வெளி. வடக்கே சதுப்பு. சதுப்பு கத்திவாயனுடையது. அதற்கும் புல்வெளிக்கும் நடுவே மலையிலிருந்து வெந்நீராறு மஞ்சளாக, கந்தக நாற்றத்தோடு இறங்குகிறது. கத்திவாயன் மூக்கை வைத்து வேட்டையாடுகிற ஜாதி. அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் தன் மூக்கைக் கொண்டு போகாது என்பது நம்பிக்கை. தெற்கு மூலையில் ஓர் அகழியும் கம்பிவேலியும் நான்கு தெருவும் துறைமுகமுமாக நாங்கள். மனிதனுக்கென்று ஒதுக்கிய இடம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேறு எதற்கும் வேண்டாத இடம், அவ்வளவுதான்.

அந்த அகழியை வெட்டத்தான் மாமா பத்தொன்பது வயதில் வந்தார். கூட வந்தவர்கள் பத்துப் பேர். ஏழு பேர் பாதியில் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். மூன்று பேர் எங்கேயும் திரும்பவில்லை. இவர் தடக்காரர் ஆனார். புல்வெளியில் வரிசையாக ஏழு குடிசைகள், ஒவ்வொன்றுக்கும் இரும்பு வலை, ஒரு தொலைபேசி. முதல் குடிசையிலிருந்து ஏழாவது வரை நடந்து, எந்தப் பிராணி எங்கே கடந்தது என்று எழுதி, சாய்ந்த குறிக்கம்பங்களை நட்டுவிட்டு மறுநாள் திரும்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷம் இதுதான் பிழைப்பு. இடது கையில் இரண்டு விரல் இல்லை. புதிதாக வருகிறவனிடம் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மிருகத்தின் பேரைச் சொல்வார். உண்மையில் குடிசைக் கதவு நசுக்கியது.

தடக்காரர்களின் பூட்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுங்கழுத்தனின் சாணத்தை அரை விரல் கனத்துக்கு அதில் அப்பிவைப்பார்கள். வளர்ந்த நெடுங்கழுத்தனை எந்த மிருகமும் வேட்டையாடாது. ஆகவே அந்த வாசனைக்குப் பின்னால் எதுவும் வராது. கழுவவே கூடாது. காய்ந்த பூச்சின் மேல் புதுப் பூச்சு. எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. அடுப்படிக் கதவோரம் அந்த பூட்ஸ் நிற்கும். நான் பதினான்கு மாதம் வாயால் மூச்சு விட்டுத்தான் சாப்பிட்டேன்.

மாமாவுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. வெந்நீராற்றங்கரையில் நடந்து நடந்து கந்தகத்தில் மூக்கு செத்துவிட்டது. அதனால் ஒரு வழக்கம். கிளம்பும்போது பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஒரு காலை முக்காலி மேல் வைப்பார். அக்கா குனிந்து மோந்து பார்த்து "ம்" என்பாள். அந்த "ம்" வராமல் வாசலைத் தாண்ட மாட்டார். பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் நான் பார்த்த ஒரே கொஞ்சல் அதுதான்.

இன்னொரு பிராணியும் உண்டு. சில்லான். கோழி அளவுதான், இரண்டு காலில் ஓடும், சோப்பு என்றால் உயிர். அதனால் இந்த ஊரில் துணி துவைப்பது வலை அடித்த அறைக்குள். சில்லான் கூடுகிற இடத்துக்குக் கத்திவாயன் வரும், அதை வாரித் தின்ன. "சில்லான் கூட்டத்தைக் கண்டால் காரணம் தெரியாமல் முன்னே செல்ல வேண்டாம்" என்ற வரியை நான் நாற்பது முறையாவது மொழிபெயர்த்திருப்பேன். கை எழுதியது. மண்டையில் ஏறவில்லை.

திங்கட்கிழமை என் மேலதிகாரியம்மா வீட்டுக்கு வருவதாக இருந்தது. என்னை நிரந்தரம் ஆக்கலாமா என்று அந்தம்மாதான் எழுத வேண்டும். ஒரு நாள் மட்டும் பூட்ஸை வெளியே வையுங்கள் மாமா என்றேன்.

"வெளிய வச்சா மழை கரைச்சிடும். என் வீட்ல என் பூட்ஸ் இருக்கும். உங்க மேடம் வேணும்னா மூக்கைக் கழட்டி வாசல்ல வச்சிட்டு வரட்டும்."

"ஒரு மனுஷன் இருக்கிற இடமா இது?"

"இல்லதான். அதான் கப்பல் வாரத்துக்கு ரெண்டு தடவை போகுதே. யாரு உன்னைக் கட்டி வச்சிருக்கா?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் அக்கா. "இல்லேன்னா நான் கப்பல் ஏறிடுவேன்."

திங்கட்கிழமை மத்தியானம் மாமா தூங்கினார். அக்கா ஐஸ் ஆலைக்குப் போயிருந்தாள். நான் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வலை அறைக்குப் போனேன். எலுமிச்சை வாசனை சோப்பு. கத்தியால் சுரண்டிச் சுரண்டி, இருபத்திரண்டு வருஷத்தையும் சாக்கடையில் விட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது. பின்படியில் ஒரு சாக்கை விரித்துக் காயவைத்தேன். மேலதிகாரியம்மா வந்தார், டீ குடித்தார், "வீட்டைச் சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார்.

அவர் தலை மறைந்ததும் பயம் பிடித்தது. மாமா பார்த்தால் தொலைத்துவிடுவார். பூந்தொட்டி மண்ணைக் குழைத்து அதே கனத்துக்கு அப்பி, இருந்த இடத்திலேயே வைத்தேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அக்கா ஆலையில் இரட்டை ஷிப்ட் என்று அன்று வீட்டுக்கே வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி. மாமா பூட்ஸைப் போட்டுக்கொண்டு முக்காலி மேல் காலை வைத்தார்.

"மோந்து பாரு."

"நானா?"

"உங்கக்கா இல்லையே. எனக்கு மட்டும் ஆசையா? விதி. குனி."

குனிந்தேன். தொட்டி மண் வாசனை. அதற்கு அடியிலிருந்து, மெல்லிசாக, எலுமிச்சை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார், மேலதிகாரியம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போதாததற்கு, சாணம் பூசுவதற்கு ஆதாரம் ஏதும் இல்லை என்று ஒரு சுற்றறிக்கையை நானே போன மாதம் மொழிபெயர்த்திருந்தேன். அகழியைத் தாண்டியே இராத யாரோ எழுதியது. அந்த நிமிஷத்தில் அது எனக்கு வேதம் மாதிரி இருந்தது.

"நாறுது மாமா."

ஒரு கணம் என்னையே பார்த்தார்.

"வந்த நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கே. அதுவும் ஒரே பாஷையில."

கம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று எனக்கு இரண்டு மணிக்குத்தான் அலுவலகம். பதினொன்றரைக்கு அக்கா வந்தாள். கை கழுவப் பின்பக்கம் போனவள் அங்கேயே நின்றாள்.

"டேய், இந்தச் சாக்கை எதுடா கடிச்சுது?"

போய்ப் பார்த்தேன். சாக்கு நார் நாராகக் கிடந்தது. படி முழுக்க மூன்று விரல் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. அக்கா ஒரு நாரை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு கதவோரத்தை, காலியாக இருந்த பூட்ஸ் இடத்தைப் பார்த்தாள்.

"காலைல யாரு மோந்தது?"

"நான்தான்."

"என்ன சொன்னே?"

சொன்னேன். கழுவியது, மண் அப்பியது, எல்லாம். கத்துவாள் என்று நினைத்தேன். நாரைக் கையில் வைத்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நான்காவது குடிசையிலிருந்து மாமா பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிடுவார். எடுத்தால் "இருக்கேன்" என்பார், வைத்துவிடுவார். அதற்கு மேல் பேசியதே இல்லை. பன்னிரண்டு ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. அக்கா தொலைபேசியிடம் போகவில்லை, உட்காரவும் இல்லை. நான்தான் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன்.

எடுத்தது அங்கே வேலை செய்யும் அம்மா. வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"கடுகு அண்ணனா? ஒம்போதே முக்காலுக்கு ரெண்டாம் குடிசைலேர்ந்து பேசினாரே. எழுதி வச்சிருக்கேன், படிக்கவா?"

"படிங்க."

"'சில்லான் நெறைய இருக்கு, கூடவே வருது. என் பூட்ஸ் வீட்லயே மோந்தாச்சு, அதனால எனக்காக வரல. முன்னால எதுவோ செத்துக் கிடக்கணும். போய்ப் பார்த்து எழுதறேன்.' அவ்வளவுதான்."

அக்காவுக்கும் கேட்டிருக்கிறது.

"பூட்ஸ்ல சோப்பு இருக்கு," என்றேன். "நான்தான் கழுவினேன். ஜீப் அனுப்புங்க. உடனே அனுப்புங்க."

மெல்லும் சத்தம் நின்றது.

"கழுவினீங்களா? தடக்காரர் பூட்ஸையா?" அப்புறம், தள்ளிப் பிடித்த குரலில் யாரிடமோ கத்தினார். பெஞ்சு நகர்ந்தது, கதவு அடித்தது. திரும்பி வந்தார். "ஜீப் கிளம்புது. புல்லுக்குள்ள ஒரு மணி நேரமாவது ஆகும். மூணாம் குடிசைலேர்ந்து அவர் பேசல. ஒருவேளை மூணை விட்டுட்டு நேரா நாலுக்குப் போயிருப்பாரு. வலைக்குள்ள போயிட்டா ஒண்ணும் ஆகாது. நாலுக்குப் போட்டுத் தரேன், பிடிங்க."

கிளிக் என்று ஒரு சத்தம். மணி போக ஆரம்பித்தது.

நான்காவது குடிசையை நான் பார்த்ததில்லை. எழுத்தில் மட்டும் தெரியும். ஒரு கட்டில், ஒரு தண்ணீர்ப் பீப்பாய், கதவுக்கு உள்பக்கம் இரண்டு கொண்டி, விரல் ஜாக்கிரதை என்று மாமா கையால் எழுதிய அட்டை. அந்த அட்டைக்கு நேர் எதிரே தொலைபேசி.

பத்து தடவை மணி அடித்தது. பதினைந்து.

"யாரும் எடுக்கல," என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா நடுவில் புகுந்து. "வச்சிட்டு அப்புறமா போடட்டுமா?"

அக்கா வந்து என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள். என்னைத் தோளால் தள்ளிய தள்ளில் முக்காலி உருண்டது.

"வைக்காதீங்க," என்றாள் ரிசீவருக்குள். "அவர் மூக்குதான் செத்துப்போச்சு. காது நல்லாக் கேக்கும். அடிக்கட்டும்."

நான் முக்காலியை நிமிர்த்தி வைத்தேன். அது நகர்ந்த சத்தத்துக்கு அக்கா கையைக் காட்டி அடக்கினாள். அறையில் வேறு சத்தமே இல்லாததால் அவள் காதில் போகும் மணி எனக்கும் கேட்டது. ஒன்று, ஒரு இடைவெளி, மறுபடி ஒன்று.