கண்ணையன் கச்சேரி

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறியபோது விட்டுப்போன சாமான்களில் பழைய வேன் ஒன்றும் இருந்தது. பலபேர் கைமாறி அது அம்மாவாசையிடம் வந்து சேர்ந்தது. மில்லில் ஆட்குறைப்பு செய்தபோது வேலை போனவன் அவன். வேனின் முன்பாதியில் படுக்கை, பின்பாதியில் டீக்கடை என்று, அவனும் மனைவி குஞ்சம்மாளும் புதுச்சேரி உப்பளம் பேட்டையில் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தினார்கள். வீட்டுக்காரன் தொல்லை இல்லாத மனுஷன் ஊரிலேயே தான் ஒருத்தன்தான் என்று அவன் அடித்துக்கொண்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

குளிர்காலத்தில் வண்டிக்குள் சூடான காற்றை ஊத, அதைச் செய்த வெள்ளைக்காரர்கள் ஒரு சின்ன மோட்டார் வைத்திருந்தார்கள். நம்மூர் வெயிலில் அது யாருக்கு வேண்டும்? தெருமுனையில் மோட்டார் பழுதுபார்க்கும் கண்ணையன், அம்மாவாசையின் பால்ய சிநேகிதன், அதைக் கழற்றிக் கரியடுப்புக்குக் காற்று ஊதும்படி மாட்டிக் கொடுத்தான். ஸ்விட்சைத் தட்டினால் போதும், கரி ஜிவ்வென்று பற்றிக்கொள்ளும். மில் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வருவதற்குள் டீ தயார்.

ஒரு புரட்டாசியில் மோட்டார் லேசாக ஆட்டம் கண்டது. கண்ணையன் உள்ளே தண்டைத் தாங்கும் வளையத்தை, அதாவது புஷ்ஷை, புதுசாகப் போட்டுச் சரிசெய்தான். அடுத்தாற்போல் ஆயுத பூஜை. அம்மாவாசை டீ வடிகட்டியிலிருந்து ஸ்டீயரிங் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான். “நமக்குச் சோறு போடறதே இதுதான்” என்று சொல்லி, மோட்டாருக்கு மட்டும் சாமந்திச் சரம் ஒன்றைச் சுற்றினான். மறுநாள் சரத்தைக் காணோம். ஆடு தின்றிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அன்றுமுதல் மோட்டார் கத்த ஆரம்பித்தது. காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய கத்தல். அம்மாவாசைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“புது புஷ்ஷாம் புஷ்ஷு! கேளுங்கய்யா, கண்ணையன் கச்சேரி!” என்று டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். பிறகு கண்ணையன் எதிரே வந்தாலே, “இன்னாபா, இன்னிக்குக் கச்சேரி உண்டா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். கண்ணையன் பக்கத்துச் சந்தில் புகுந்து போய்விடுவான். வேன் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டான்.

“அந்த ஆளக் கூப்ட்டு ஒரு வார்த்த கேளேன்யா” என்றாள் குஞ்சம்மாள்.

“கேக்கறதா? அந்த புஷ்ஷக் கழட்டி அவன் மூஞ்சியில வீசறேன் பாரு!”

சொன்னபடியே ஒருநாள் திருப்புளியோடு உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்தான். புஷ் பளபளவென்று புதுசாகவே இருந்தது. ஆனால் விசிறிக்குப் பின்னால், தண்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஒரு வாழைநார். அதன் முடிச்சுகளில் கருகிப்போன சாமந்திக் காம்புகள்.

குஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். “நீ போட்ட சரந்தான்யா இது” என்றாள்.

அவனுக்கு முகம் செத்துவிட்டது. நாரை எடுத்துப்போட்டு மோட்டாரை ஓட்டினான். சத்தமே இல்லை. அப்படியே பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மனுஷனால் அது முடியவில்லை. நாரைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கண்ணையன் கடைக்கு நடந்தான்.

கடையில் கண்ணையன் சைக்கிள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். மோட்டார் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இருந்த ஒன்றையும் மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தான்.

“ஒம்மேல தப்பு இல்லடா. நான் போட்ட மாலைதான் உள்ள சிக்கியிருக்கு” என்று அம்மாவாசை நாரை நீட்டினான்.

கண்ணையன் அதை வாங்கி விரலால் நிரடிப் பார்த்தான். அடிக்கத்தான் போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான் அம்மாவாசை. அடித்திருந்தாலும் தேவலை.

“அப்போ என் கை போவலியாடா?” என்றான் கண்ணையன். “அந்தச் சத்தத்தக் கேட்டுக் கேட்டு, தொழிலே மறந்துபோச்சுன்னு நெனச்சேன்டா. மோட்டார் வேலைன்னு யார் வந்தாலும் திருப்பி அனுப்பிட்டேன்.”

அம்மாவாசை கடைவாசல் என்றும் பார்க்காமல் குலுங்கி அழுதான். கண்ணையன் எழுந்துபோய்ச் சாக்கை விலக்கி, அந்த மோட்டாரை வெளியே இழுத்துப் போட்டான்.

“போய் டீ எடுத்தாடா” என்று சொல்லிவிட்டு, திருப்புளியைத் தேட ஆரம்பித்தான்.