தேசப்படத்தில் வைத்த கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, கனவில் கர்த்தர் வந்து சொன்னார் என்கிற கதைகளைக் காதில் போட்டுக்கொள்கிற ஆள் நான் இல்லை. மட்டக்களப்பில் எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் கண்ணை மூடி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஆமென் என்று முடித்துச் சாப்பிடப் போவோம். கூட்டத்தில் யாராவது ஆவியில் நிறைந்து விழுந்தால் நான் முதலில் என் தேத்தண்ணிக் கோப்பையைத்தான் எடுத்து ஓரமாக வைப்பேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நானே கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

நான் இப்போது இருக்கிற குளிர்தேசத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்கிற பகுதியில், ஒரு பழைய கிறிஸ்தவக் கோவிலின் பேஸ்மென்டை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் ஆட்கள் தேச ஜெபம் நடத்துகிறார்கள். ஊருக்காகவும் ஊரிலுள்ள சனங்களுக்காகவும் செய்கிற ஜெபம். பாஸ்டரம்மா இரண்டு கட்டில் விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து அதில் இலங்கைப் படத்தை வரைந்து வைத்திருக்கிறார். அதைத் தரையில் விரித்து, எல்லோரும் சுற்றிவர முழங்காலில் நின்று, அவரவர் ஊரின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வோம். ஆமென் சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது, அதுதான் பாஸ்டர் வைத்த ஒழுங்கு.

எங்களில் முக்கால்வாசிப் பேர் கிழக்குமாகாண ஆட்கள். மட்டக்களப்பில் கை வைக்க இடம் பிடிப்பதென்றால் காலையில் மெட்ரோவில் ஏறுகிற மாதிரி இடிபட வேண்டும். திருகோணமலையிலும் அப்படித்தான். பாஸ்டர் முழுத் தேசத்தையும் ஆசீர்வதியும் ஆண்டவரே என்று தொண்டை கட்டக் கத்துவார், எங்கள் கைகள் மட்டும் சொந்த ஊரை விட்டு ஒரு விரற்கடை நகராது. நடுவிலே மலைநாடு பச்சையாகச் சும்மா கிடக்கும். படம் பெரியது, ஓரத்தில் நின்றால் அங்கே கை எட்டாது, எட்டி வைக்கிறதுக்கு எங்களுக்கு அங்கே யாரும் இருக்கவும் இல்லை.

புஷ்பாவுக்கு இருந்தார்கள். சென்ட் லோரன்டில் மருந்துக் குளிசை பொதி செய்கிற இடத்தில் என் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவள், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய அண்ணி, புருசனைப் பறிகொடுத்தவள், மூன்று பிள்ளைகளோடு மலைச்சரிவில் ஒரு லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டின வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். புஷ்பாவைக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். படத்தின் மேல் ஏறாமல் மலைநாட்டைத் தொட முடியாது, ஏறுவதற்கு அவளுக்குக் கூச்சம், அதனால் கிழக்குக் கரையில் எங்களோடு ஒண்டிக்கொண்டு கடலின் மேல் கையை வைத்து ஜெபிப்பாள். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, உண்மையைச் சொன்னால் நான் கவனிக்கவேயில்லை.

இது நடந்த கிழமை முழுக்க ஊரில் மழை என்றால் மழை, விடாத மழை. காலையில் என் தங்கச்சியோடு கதைத்தேன், மட்டக்களப்பில் எங்கள் கல்லடியில் தண்ணீர் முற்றம் வரை வந்ததாம், வீட்டுக்குள் வரவில்லையாம், நல்ல சுகமாக இருந்தாள், கோழிக்கறி ஆக்குவதாகச் சொன்னாள். புஷ்பாவின் அண்ணியின் போன் மூன்றாம் நாளாகச் செத்துக் கிடந்தது. தோட்டத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, சனம் வேறு போக்கிடம் இல்லாமல் லயத்திலேயே கிடக்கிறது என்று கடைசியாக வந்த சேதி. கூட்டத்துக்குப் பஸ்ஸில் வரும்போது புஷ்பா கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள்.

கார்த்திகை மாதம், பின்னேரம்தான், ஆனால் வெளியே கறுத்துவிட்டது. ஊரில் அப்போது விடியற்சாமம். பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். தொடங்கின கையோடு புஷ்பா எழுந்து, முழங்காலால் படத்தின் மேலேயே தவழ்ந்து போய், மலைநாட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். படச்சீலை சுருங்கி எல்லோருடைய ஊரும் இடம் மாறிப்போனது. பின்னாலே யாரோ உச்சுக்கொட்டினார்கள். எனக்கும் எரிச்சல்தான், நான் கூட்டிவந்தவளல்லவா, மானம் போகிறதே என்று இழுத்து எடுக்கத்தான் போனேன். போய்ப் பார்த்தால் பிள்ளை நடுங்குகிறாள். அந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகு இழுக்க மனம் வரவில்லை, பக்கத்தில் குந்தி அவள் கையை ஒட்டி என் கையையும் வைத்தேன்.

இனிச் சொல்வதைத்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்தப் பேஸ்மென்ட் தரை சீமெந்து, அதன் மேல் ஓடு பதித்தது. என் கைக்குக் கீழே அது இளகியது. ரொட்டிக்குக் குழைத்த மாவில் கை வைத்தால் உள்ளே போகுமே, அப்படிப் போனது. சீலை நனையவில்லை, ஆனால் கையில் குளிர்ந்த தண்ணீர் ஓடியது. பச்சை மண் மணம், அதற்குள் மழைச் சத்தம், ஜன்னலே இல்லாத அறையில் தகரத்தில் கொட்டுகிற மழைச் சத்தம். ஹீட்டர் குழாயாக்கும் என்று நினைத்தேன், அப்படி நினைக்கத்தான் பார்த்தேன்.

அப்போது புஷ்பா கதைக்கத் தொடங்கினாள். அது ஜெபமில்லை.

"அண்ணி, கதவத் தெறங்க. புள்ளைகளத் தூக்கிட்டு வாங்க, சாமான் ஒன்னும் எடுக்காதீங்க. மேல போகாதீங்க, ஸ்கூல் பக்கம் போங்க."

பாஸ்டர் சத்தத்தைக் கூட்டினார், அவளும் கூட்டினாள். எனக்குக் கை விரல் முட்டியெல்லாம் வலித்தது, பலகையில் குத்துகிற மாதிரி. சத்தியமாக நான் வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் மட்டும், சின்ன வயதில் தங்கச்சியை எழுப்புகிற மாதிரி, எழும்புங்ககா, கெதியா எழும்புங்ககா என்று எங்கள் மட்டக்களப்புப் பேச்சில் ஓடியது. யாரை எழுப்புகிறேன் என்று எனக்கே தெரியாது. கை தானாகக் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்தது, அங்கேயும் பலகை, அங்கேயும் குத்தினேன். உள்ளே யாரோ புரள்கிற மாதிரி ஒரு அசைவு கைக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மட்டக்களப்பில் கை வைத்திருந்த ஒரு அன்ரி இருமல் வந்து எழுந்து போனார். சீலை சுருங்கியதில் அந்த இடம் எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. கல்லடி காலியாகக் கிடந்தது. பழக்கதோஷம்தான், வேறென்ன, என் கை மலைநாட்டிலிருந்து எழும்பி அங்கே போய் உட்கார்ந்தது. மழைச் சத்தம் பட்டென்று நின்றது. கைக்குக் கீழே வெறும் ஓடு. அப்பாடா என்று இருந்தது எனக்கு. கல்லடிக்காக ஒரு ஜெபம் செய்தேன். புஷ்பா மட்டும் ஆமென் வரை கையை எடுக்கவில்லை.

எழுந்து பார்த்தால் என் விரல் முட்டிகளில் தோல் உரிந்து இரத்தம் கசிகிறது. தரையில் உரசியிருக்கும் என்று பாஸ்டரம்மா மருந்து பூசிவிட்டார். நானும் ஓம் என்றேன்.

நாலைந்து நாள் கழித்து, வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம், புஷ்பாவின் போன் அடித்தது. அண்ணி. பாடசாலையில் தங்கியிருந்தாள், பிள்ளைகள் மூன்றும் உயிரோடு. புஷ்பா அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், அதனால் நானும் கேட்டேன். லயம் முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது, அந்த விடியற்சாமத்தில்.

"நீதானே புஷ்பா வந்து கதவத் தட்டுன. ஒங்கொரலு எனக்குத் தெரியாதா? எப்படீன்னு கேக்கல, நீ வந்த, அவ்வளவுதான்."

புஷ்பா அழுதாள், நானும் அழுதேன், கர்த்தர் நல்லவர் என்று வாய்விட்டே சொன்னேன், நான் சொல்கிற ஆளா? மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஆட்கள் எங்கே என்று புஷ்பா கேட்டாள். அங்கே ஒரு தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அண்ணி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஒங்கூட இன்னொரு அக்கா வந்தாங்கல்ல. எழும்புங்ககா எழும்புங்ககான்னு, நம்ம பக்கத்துப் பேச்சு இல்ல அது. அவங்க அடுத்த கதவப் போட்டுத் தட்டுனாங்க. உள்ளுக்கிருந்து, இந்தா வர்றோம்னு அந்த மனுசன் கொரல் கேட்டுச்சு. அந்த அக்காதான் எழுப்புறாங்களேன்னு நான் நிக்காம புள்ளைகளத் தூக்கிட்டு ஓடிட்டேன். பாலத்துக்கிட்ட போய்த் திரும்பிப் பாக்குறேன், தட்டுற சத்தம் நின்னுபோச்சு. காத்துன்னு நெனச்சு மறுபடி படுத்துட்டாங்க போல."

புஷ்பா என்னைப் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

பிறகு அண்ணி கேட்டாள், கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"அந்த அக்கா ஏன் பாதியிலயே போயிட்டாங்க?"