வெள்ளைக் கல் வட்டம்

என் மகள் பிறந்த அன்று என் அக்காவின் கணவர் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் போட்டுக் கேட்டதற்கு, "கடற்கரையில முட்டைக்குக் காவல் இருந்தேன் மாப்ள" என்றார். என் வீட்டுக் குஞ்சைவிட ஏதோ ஒரு குருவியின் முட்டை பெரிதாகப் போயிற்றா என்று அன்றைக்குத் தைத்த முள், மகள் கல்லூரிக்குப் போன பிறகும் எனக்குள்ளிருந்து வெளிவரவில்லை.

அத்தானுக்குப் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிற வேலை. லீவு நாளென்றால் கடலோர நடைபாதையில்தான் கிடப்பார். அடம்பங்கொடிக்கு நடுவே நண்டு வளை தோண்டுவதைக் குந்தியிருந்து பார்ப்பார். தூரத்தில் ஓங்கில், அதான் டால்பின், துள்ளினால் முன்பின் தெரியாதவர் தோளைத் தட்டிக் காட்டுவார். ஆனால் உயிரெல்லாம் உப்புக்கொத்தியின்மேல்தான். உள்ளங்கையில் அடங்குகிற குருவி. வெறும் மணலில் முட்டையிடும். யாராவது கிட்டே போனால், சிறகொடிந்ததுபோல் நொண்டி நடித்து ஆளைத் திசை திருப்பும்.

"நம்ம வீட்டுலயும் ஒருத்தர், கடைக்குப் போகச் சொன்னா அப்படித்தான் நொண்டுவாரு" என்பாள் அக்கா.

நடக்கிறவர்கள் மிதித்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு முட்டைக் குழியைச் சுற்றியும் கல் அடுக்கி வெள்ளையடித்தார். நான் பெயிண்டர். வேலையில் மிஞ்சிய வெள்ளையெல்லாம் அங்கேதான் போயிற்று. பாதையில் வருகிறவர்கள் அவருக்குக் கை கொடுத்து, "முட்டைக்காரரே" என்று கூப்பிட்டார்கள். மனுஷன் நிமிர்ந்து நடந்ததே அந்தப் பாதையில்தான்.

போன வருஷம் அவருக்கு மூட்டுவலி. துணைக்கு என்னை அழைத்துப் போனார். முதல் வட்டம் காலி. அடுத்ததும் காலி.

"பொரிச்சுப் போயிருச்சுபோல" என்றார்.

அப்போது ஒரு காகம் நேராக வந்து அடுத்த வட்டத்தின் வெள்ளைக் கல்மேல் உட்கார்ந்தது, சாப்பாட்டுக்கடை பெஞ்சில் உட்காருகிற தோரணையில். உள்ளே கொத்தியது. குருவி நொண்டிப் பார்த்தது. காகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா?

"அத்தான், நீங்க எங்க காவல் வச்சீங்க? காக்காவுக்குல்ல போர்டு மாட்டி வச்சிருக்கீங்க!"

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"உன் மக பொறந்தன்னிக்கு கல்லு கிடையாது மாப்ள. நானே உக்காந்து காக்கா விரட்டினேன். அது பொரிச்சுது. நீ போட்ட சத்தத்துக்கப்புறம்தான், எனக்குப் பதிலா கல்லை வச்சுட்டு வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வர ஆரம்பிச்சேன்."

குத்திச் சொல்லவில்லை. கணக்கைக் கேட்டவனுக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வட்டத்தைக் கலைக்கக் குனிந்து ஒரு கல்லைத் தூக்கினேன்.

எதிரே வந்த அம்மாள், "முட்டைக்காரரே, இந்த வருஷம் குஞ்சு நிறையவா?" என்றாள்.

அத்தான் வியர்வை துடைக்கிற மாதிரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் போனதும், "கல்லை வச்சுடு மாப்ள, நாலு பேர் பாக்குறாங்க" என்றார்.

வைத்தேன். எழுந்து வந்தோம். அதற்குப் பிறகு அவர் அந்தப் பாதையை மிதிக்கவில்லை. கேட்டவர்களிடம் மூட்டுவலி என்றார்.

அடுத்த முட்டைக் காலத்துக்கு முன்பே நெஞ்சுவலியில் படுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"குருவி வர்றதுக்குள்ள அந்தக் கல்லையெல்லாம் கடல்ல போட்டுடு மாப்ள. பகல்லயே போ. யாராவது கேட்டா, முட்டைக்காரன் தப்பா வச்சுட்டான்னு சொல்லு."