விளக்கு மாப்பிள்ளை

அமுக்குகிறார். குனிந்து பார்க்கிறார் மாப்பிள்ளை. மறுபடி அமுக்குகிறார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, ஊசியில் நூல் கோக்கிறவர் போல உற்றுப் பார்க்கிறார். மடிக்கணினியின் மேல்வரிசையில், மைக் படத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ஒரு பொத்தான். அதன் மூலையில் கடுகளவுக்கு ஒரு விளக்கு. பொத்தானை அமுக்கினால் மைக் ஊமையாக வேண்டும், விளக்கு எரிய வேண்டும். மைக் ஒழுங்காக ஊமையாகிறது. விளக்குதான் எரியமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது.

"எரியல பாருங்க மாமா," என்கிறார், வீட்டில் இழவு விழுந்த குரலில்.

மாமா என்பது மாமனார். பஸ் ஓட்டுகிறவர். பேத்தி பிறந்த சேதி வந்ததும் டிப்போவில் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தவர். அந்தப் பேத்தி இப்போது அவர் மடியில் கிடக்கிறாள். அவள் கொட்டாவி விடுகிற அழகைப் பார்க்க டிக்கெட் போட்டாலும் தகும் என்பது அவர் கட்சி. மூக்கு அப்படியே அவர் மூக்கு. கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொல்லி முடித்தாயிற்று. வீட்டுக்குள் இப்படி ஒரு சூரியன் உதித்திருக்கும்போது, ஒரு கடுகு விளக்கைக் குனிந்து குனிந்து பார்க்கிற மனுஷனை என்னவென்று சொல்வது?

"பல்பு போயிருக்கும் மாப்ள. கழட்டிட்டு வேற மாட்டுங்க."

மாப்பிள்ளை சிரித்தார். வாயால் அல்ல, மூக்கால். "பல்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா. டிரைவர்தான் சரியில்ல."

மாமனாருக்கு முகம் கறுத்துவிட்டது. "எந்த டிரைவரச் சொல்றீங்க?"

அடுக்களையிலிருந்து மகள் ஓடி வந்தாள். "அப்பா, உங்கள இல்லப்பா! கம்ப்யூட்டருக்குள்ள ஒரு டிரைவர் இருக்காராம். அவர் சொன்னாத்தான் லைட் எரியுமாம்."

"அவருக்கு லைசென்ஸ் இருக்கான்னு முதல்ல பாக்கச் சொல்லு."

எல்லோருடைய மடிக்கணினியிலும் இருக்கிற சமாச்சாரம் மாப்பிள்ளைக்கு ஆகாது. வாங்கும்போது உள்ளே இருந்ததைத் துடைத்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்று ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறார். மூடியில் அதன் பெங்குவின் படம் கூட ஒட்டியிருக்கிறது. அதற்குக் காசே கொடுக்க வேண்டாமாம். ஆயுளைக் கொடுத்தால் போதும் போலிருக்கிறது.

கறுப்புத் திரை ஒன்றைத் திறப்பார். வெள்ளை எழுத்துகள் எறும்புச் சாரி போல ஓடும். எங்கேயோ ஒரு வரியை மாற்றுவார், மெஷினை அணைத்துத் திரும்ப எழுப்புவார், பொத்தானை அமுக்குவார், குனிவார். எரியாது. உடனே இணையத்தில் ஊர் உலகத்தையெல்லாம் கூப்பிட்டுக் கேட்பார். எங்கோ கடலுக்கு அப்பால் ஒருத்தன் "எனக்கும் இதே பிரச்சினை" என்று பதில் போட்டுவிட்டான். அன்றைக்கு மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே! காணாமல் போன பங்காளி கிடைத்துவிட்டாற்போல. குழந்தை பிறந்த அன்று அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்ததாக மாமனாருக்கு ஞாபகம் இல்லை.

"ஸ்க்ரீன்லயே மைக் படத்துல கோடு போட்டுக் காட்டுதே, அதப் பாத்தா ஆகாதா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"ஸ்க்ரீன் பொய் சொல்லும். விளக்குதான் சத்தியம்."

டிப்போ சினேகிதனிடம் போனில் பேசும்போது மாமனார் அவருக்கு ஒரு பட்டம் கட்டிவிட்டார். "நம்ம விளக்கு மாப்ள நல்லாத்தான் இருக்காரு." அது மகள் காதில் விழுந்தது.

"என்னப்பா சொன்னீங்க? விளக்குமாறா?"

"மாறு இல்லம்மா, மாப்ள. மாறா இருந்தா வீடாவது சுத்தமாகும்."

மகள் சிரிக்கப் போய், சிரிக்காமல் நின்றுவிட்டாள். அவளுக்கு வேறு கவலை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. வருகிற திங்கட்கிழமை திரும்பப் போயாக வேண்டும். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவின் லீவும் அன்றோடு சரி. "நீ தைரியமா வேலைக்குப் போ, நான் ஒரு மாசம் லீவு போட்டுக் குழந்தையப் பாத்துக்கறேன்" என்று மாப்பிள்ளை அவள் வயிற்றில் கை வைத்துச் சொன்ன வாக்கு ஒன்று இருந்தது. அதை நம்பித்தான் அவள் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"மேனேஜர்கிட்டக் கேட்டீங்களா?" என்று தினமும் கேட்பாள்.

"கேட்டேன். தரமாட்டேங்கறாங்க," என்று தினமும் சொல்வார், பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் பேசாமல் போய்க் குழந்தையின் துணியை மடிப்பாள். மடித்ததையே உதறித் திரும்ப மடிப்பாள். மாமனார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாப்பிள்ளையை மாமனார் கேள்வி கேட்டால் வீடு வீடாக இருக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தையெல்லாம் முகம் தெரியாத மேனேஜர் மேல் இறக்கினார். எப்படிப்பட்ட ஜென்மமோ அது! பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு லீவு தராத ஜென்மம்!

வெள்ளிக்கிழமை காலை உள்ளறையிலிருந்து ஒரு கூச்சல். "எரிஞ்சிருச்சு! மாமா, எரிஞ்சிருச்சு!"

வீடுதான் எரிகிறதென்று மாமனார் குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். தூங்கிக்கொண்டிருந்த பேத்தி ராஜாத்தி திடுக்கிட்டு அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அமுக்கினால் எரிந்தது. அமுக்கினால் அணைந்தது. எரிந்தது, அணைந்தது. கடலுக்கு அப்பாலிருந்த பங்காளிக்கும் சேதி போயிற்று. எரிகிறதா எரிகிறதா என்றுதான் பார்த்தாரே ஒழிய, எப்போது எரிகிறது என்று பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று மத்தியானம் மடிக்கணினியிலேயே அலுவலகக் கூட்டம். கூட்டத்துப் படத்தை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நடுவில் கறுப்புத் திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அம்மா ஏதோ கணக்கு வழக்கைப் பேசிக்கொண்டிருந்தது ஸ்பீக்கரில் கேட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மகள் உள்ளே வந்தாள். பின்னாலேயே பால் புட்டியோடு மாமனார்.

"பேசலாமா?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"தாராளமாப் பேசு. மியூட்ல இருக்கேன். லைட்டப் பாரு!" விரல் நீட்டிக் காட்டினார். விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"கடைசியாக் கேக்கறேன். உங்க மேனேஜர் லீவு தருவாங்களா, மாட்டாங்களா? திங்கக்கிழமை நான் போகலன்னா என் வேலை போயிடும்."

"எத்தன தடவ சொல்றது? கெஞ்சிப் பாத்துட்டேன், கால்ல விழாத குறை. வீட்ல குழந்தை இருக்குன்னா, அதுக்கு நான் என்ன பண்றதுங்கறாங்க. சரியான கல்நெஞ்சுக்காரி."

ஸ்பீக்கரில் கணக்கு வழக்கு நின்றது. யாரோ இருமினார்கள். அப்புறம் அந்தப் பெண்குரல், மெதுவாக:

"யாருப்பா அது கல்நெஞ்சுக்காரி?"

மாப்பிள்ளையின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. கையை மட்டும் கொண்டுபோய்ப் பொத்தானை அமுக்கப் போனார். மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அம்மா, நான் அவர் வீட்டுக்காரி பேசறேன். நீங்கதான் மேனேஜருங்களா?"

"ஆமாம்மா. லீவா? என்கிட்ட யாரும் லீவு கேக்கலையே. உங்களுக்குக் குழந்தை பொறந்திருக்கா என்ன?"

மகள் மடிக்கணினிக்கு இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"அவர் சொல்லலையாம்மா?"

"இல்லையேம்மா. லேப்டாப்ல ஏதோ லைட் எரியலன்னுதான் தினமும் வருத்தமாச் சொல்லிட்டிருந்தாரு."

மாமனார் பால் புட்டியை மேஜை மேல் வைத்தார். அவர் லீவு கேட்க டிப்போவுக்குப் போனபோது, கண்டக்டர், டயர் மாற்றுகிறவர், டீ கொடுக்கிறவர் எல்லோரும் பேத்தியின் எடை வரை கேட்டுவிட்டுத்தான் விட்டார்கள். பஸ்ஸில் ஏறின பிரயாணிக்குக்கூடத் தெரியும். பெற்றவன் வாயிலிருந்து அவன் வேலை செய்கிற இடத்துக்கு ஒரு வார்த்தை போகவில்லை.

"பொண்ணா, பையனா?" மேனேஜர் அம்மா கேட்டாள்.

"பொண்ணுங்க," என்று மாமனார் முந்திக்கொண்டு கத்தினார். "மூக்கு என் மூக்கு!"

ஸ்பீக்கருக்குள் பத்துப் பேர் சிரித்தார்கள். "நல்லாருக்கட்டும் ஐயா. திங்கக்கிழமையிலேருந்து அவருக்கு லீவு. ஒரு மாசம். நீ நிம்மதியா வேலைக்குப் போம்மா."

கூட்டம் முடிந்தது. மகள் அழவில்லை, கத்தவில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனிதன். தப்பு என்று ஒரு வார்த்தை. அவர் குனிந்தார்.

"இல்ல... லைட் எரிஞ்சுதே," என்றார். அமுக்கினார், அணைந்தது. அமுக்கினார், எரிந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டார். "தலைகீழா எழுதிட்டேன்! மைக் மூடினா எரியணும்னு போடறதுக்குப் பதிலா, தொறந்தா எரியணும்னு போட்டுட்டேன்!"

மாமனார் மகளைப் பார்த்துச் சொன்னார்: "இண்டிகேட்டரப் போட்டுட்டுத் திரும்பாம நேராப் போறவன ரோட்ல நெறையப் பாத்திருக்கேன்மா. வீட்ல இப்பத்தான் பாக்கறேன்."

திங்கட்கிழமை விடிந்ததும் மகள் புறப்பட்டாள். குழந்தையின் உள்ளங்காலில் முத்தம் வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் போகமுடியாது என்று திரும்பாமலே போனாள். மாமனாருக்கும் வண்டி நேரம். பேத்தியின் உச்சந்தலையை ஆசை தீர முகர்ந்து, மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பக்கத்தில் மெத்தையில் கிடத்தினார். லீவுதான், ஆனாலும் மடிக்கணினி திறந்துதான் இருந்தது. சனியும் ஞாயிறும் செலவழித்து அந்த வரியை நேராக்கிவிட்டிருந்தார் மாப்பிள்ளை.

"பாத்துக்கங்க மாப்ள."

"ம்."

மாமனார் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினார். உள்ளே ராஜாத்தி ஒரு சிணுங்கல் சிணுங்கினாள். அப்புறம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தாத்தாவின் பஸ் ஹாரனே தோற்றுப்போகிற மாதிரி வீரிட்டாள். மாமனார் எட்டிப் பார்த்தார்.

மாப்பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை நீட்டி, அந்தப் பொத்தானை அமுக்கினார். மைக் ஊமையாயிற்று, விளக்கு ஒழுங்காக எரிந்தது.