பத்திரமாக வைக்கச் சொன்ன கடதாசி

ஐந்து வருடமாக ஒரே பெண்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். கடந்த பன்னிரண்டு மாதத்தில் உங்கள் கணவர் உங்களை அடித்தாரா, உதைத்தாரா, கழுத்தை நெரித்தாரா? ஓம், இல்லை, பதில் சொல்ல விருப்பமில்லை. மூன்றில் ஒன்றுக்குப் புள்ளடி போடவேண்டும். மனைவியை அடித்து மறியலுக்கு, அதாவது சிறைக்குப் போன ஆண்கள், திரும்பி வந்த பிறகும் கை நீட்டுகிறார்களா என்று வருடா வருடம் பார்க்கிற ஆய்வு இது. சம்பளம் ஒழுங்காக வருகிறது, குறை சொல்லக்கூடாது.

விசுவமடுவில் ஒரு அக்கா. நான் முதல் வருடம் போனபோது மனிசன் மறியலில் இருந்தான். கசிப்புச் சாராய வெறியில் மண்வெட்டிப் பிடியால் அடித்து அக்காவின் இடது கையை முறித்ததற்குத் தண்டனை. அந்த வருடம் அக்கா தனியாகவே கச்சான் கடலை போட்டு, தனியாகவே பிடுங்கி, எனக்கும் ஒரு பை அவித்துத் தந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மனிசன் வெளியே வந்த பிறகு வாசலில் நாங்கள் சொல்கிற கதை வேறு. பெண்களின் சுகாதாரம் பற்றிக் கேட்க வந்திருக்கிறோம் என்போம். அவனும் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, இது பொம்பிளையளின்ர சங்கதி என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பிறகுதான் அக்கா வாய் திறப்பார். மூன்று வருடமும் ஓம், ஓம் என்றுதான் பதில். நான் புள்ளடி போட்டேன். உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லலாம். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று அவர் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி வரவேண்டும். அதுதான் விதியாம். விதியும் மண்ணாங்கட்டியும்.

கேள்வி தொடங்குமுன் சம்மதப் படிவம் இரண்டில் கையெழுத்து வாங்குவோம். ஒன்று எங்களுக்கு, ஒன்று அவர்களுக்கு. வாசலில் பொய் சொல்லலாம், படிவத்தில் சொல்லக்கூடாது. ஆகவே வீட்டு வன்முறை பற்றிய ஆய்வு என்று அதன் தலையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வீட்டில் வைத்திருப்பது ஆபத்தென்றால் கிழித்து எறியச் சொல்லுங்கள் என்றார் பயிற்சி தந்தவர். கொழும்பிலிருந்து வந்த படித்த மனிதர். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

வன்னியில் யார் கடதாசியைக் கிழிப்பார்கள்? யுத்தத்தில் சட்டி பானையை விட்டுவிட்டு ஓடியபோதும் கடதாசிப் பையை நாங்கள் விடவில்லை. முகாமில் ஒரு துண்டு குறைந்தாலும் வரிசையிலிருந்து வெளியே போ என்றார்கள். என் அலுமாரிக்குள் அந்தக் காலத்து நிவாரண அட்டை இன்னும் கிடக்கிறது, எதற்கென்று எனக்கே தெரியாது. படிவத்தைக் கொடுக்கும்போதெல்லாம் "பத்திரமா வையுங்கோ அக்கா" என்றுதான் என் வாயில் வந்தது. கிழியுங்கோ என்று ஒருநாளும் வரவில்லை. அக்காவும் பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம் எல்லாம் இருக்கிற பைக்குள் அதை மடித்து வைத்தார்.

இந்த வருடம் போனபோது மனிசன் வழமைபோலக் கதிரை போட்டான். "சுகாதாரம் கேக்க வந்தனீங்களோ? கேளுங்கோ, கேளுங்கோ. மறைக்காமச் சொல்லுவா" என்றான். சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தான். அக்கா குசினி அடுப்படியிலிருந்து வந்தார். முன்பல் இரண்டும் இல்லை.

"உர மானியத்துக்குக் காணிப் பத்திரம் தேடேக்கை கண்டிட்டார்," என்றார். "நாலு கடதாசியும் இருந்தது. நீங்கள் வைக்கச் சொன்னனீங்கள், வைச்சனான்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. குற்றம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பையிலிருந்த புதுப் படிவத்தை நாலாகக் கிழித்தேன். அக்கா துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போய் அடுப்புக்குள் தள்ளினார். ஒரு மூலைத் துண்டு கதிரைக்குக் கீழே கிடந்தது, அதையும் தேடி எடுத்தார்.

கேள்விகளை விடுவோம் என்றேன். கேட்காமல் போனால் ஏன் கெதியாய்ப் போனவை என்று அவர் விசாரிப்பார், கேளுங்கோ என்றார் அக்கா. கேட்டேன். அடித்தாரா, இல்லை. உதைத்தாரா, இல்லை. அக்கா, பதில் சொல்ல விருப்பமில்லை என்றும் ஒன்று இருக்கிறது, அதைப் போடட்டா என்று கேட்டேன்.

"வேண்டாம் தங்கச்சி. இல்லையெண்டே போடுங்கோ. எழுதினது எங்கையாவது கிடக்கும். கிடந்தா அவர் காணுவார்."

அந்தப் பல்லில்லாத வாயைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் இல்லை என்று புள்ளடி போட்டேன். என்னில் எனக்கே வெறுப்பு வந்தது.

அலுவலகத்தில் கணினிக்கு ஏற்றியபோது, திரும்பவும் குற்றம் செய்யாதவர்களின் பக்கம் அவன் போய் நின்றான். மூன்று வருடம் அடித்தவன் நிறுத்தியிருக்கிறான், எங்கள் ஆய்வில் இது முதல் ஆள் என்று மேலதிகாரிக்குச் சரியான சந்தோஷம். அந்த வீட்டில் ஏதாவது மாற்றம் தெரிந்ததா, தெரிந்தால் குறிப்பாக எழுதித் தரும்படி கேட்டார். ஓம் சேர், அந்த மனிதர் நல்லாய் மாறியிருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தேன்.