நான் சொன்னதாகப் பேத்தி எழுதியது

உனக்கு எதற்கு இந்தக் கதை? உன் வீட்டில் சண்டையே இல்லையா, என் வீட்டுச் சண்டைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்? சொல்லாவிட்டாலும் நாலு இடத்தில் பேசத்தான் போகிறாய், அதுவும் தப்புத் தப்பாக. அதற்கு நானே சொல்லித் தொலைக்கிறேன்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மாசாயில், வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறேன். தீபாவளி நெருங்கினால் அடுப்பை அணைக்கவே முடியாது. என் பேத்தி யுனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அப்படித்தான் சொல்கிறாள். நான் பார்த்தவரை ஃபோனைத்தான் படிக்கிறாள். அங்கே ஒரு பாடம் இருக்கிறதாம். பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, வெளியே ஒரு ஆளைப் பிடித்து, அந்த ஆளுக்கு வேண்டிய சாஃப்ட்வேரைச் செய்து கொடுக்கச் சொல்வார்கள். அந்த ஆள்தான் கஸ்டமர். கஸ்டமரிடம் போய்ப் பேசி, என்ன கஷ்டம் என்று கேட்ட பிறகுதான் கம்ப்யூட்டரையே தொட வேண்டும். குழுவுக்கு ஒரே மார்க். ஒருத்தி கவிழ்ந்தால் கூட இருப்பவர்களும் கவிழ்வார்கள். இதில் தேறினால்தான் சிங்கப்பூர் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போக முடியும். பேத்தி அதற்கு முன்கூட்டியே பெட்டி வாங்கி வைத்துவிட்டாள்.

கஸ்டமர் நான்தான். ஒரு சீனப் பெண், ஒரு மலாய்ப் பையன், நம் தமிழ்ப் பையன் ஒருவன் என்று குழுவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முறுக்கைத் தின்றார்கள். என்னை அடுப்புப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தச் சீனப் பெண் மட்டும் மலாயில் என்னிடம் ஏதோ கேட்க வந்தாள். பேத்தி அவளை மடக்கிவிட்டாள். என் பாட்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா, கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செய்து முடித்ததைக் காட்டுகிற அன்று கஸ்டமரும் வர வேண்டும் என்றார்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். பாடம் நடத்துகிறவள் நம் தமிழ்ப் பெண்தான், என் மகளைவிடச் சின்னவள். அவள் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. சாமானைத் தொட்டுப் பார்க்கும் முன்பே விலையைக் குறைக்கச் சொல்கிறவளின் சிரிப்பு.

சுவரில் என் படம் வந்தது, கதவு அகலத்துக்கு. தலையெல்லாம் மாவு. பக்கத்தில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. என்ன அது என்று அந்த லெக்சரரையே கேட்டேன். அவள் தமிழில் சொன்னாள்:

“‘எனக்கு வயசாயிடுச்சு. யாரு என்ன கேட்டாங்கன்னு மறந்து போகுது. சின்னப் பிள்ளைங்க உதவி இல்லாம என்னால முடியல.’ நீங்க சொன்னதா போட்டிருக்காங்க, அம்மா. சரிதானே?”

எதிரே நின்ற பேத்தி கண்ணைக் காட்டினாள். தலையை ஆட்டிவிடு என்று அர்த்தம். ஆட்டினால் பாஸ், சிங்கப்பூர், எல்லாம். ஆட்டத்தான் போனேன். ஆனால் அந்தப் படம் மாவுத் தலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“நான் சொல்லல,” என்றேன். “என்னை யாரும் ஒண்ணும் கேட்கல. எனக்கா மறதி? இந்தப் பிள்ளை ஸ்டாண்டர்ட் ஒன்ல இருந்து எந்தெந்தப் பாடத்துல கோட்டை விட்டுச்சுன்னு வரிசையா சொல்லட்டுமா?”

மற்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். லெக்சரர் சிரிக்கவில்லை. கஸ்டமரிடம் பேசியது யார் என்று குழுவைக் கேட்டாள். கூட இருந்தவர்கள் பேத்தியைப் பார்த்தார்கள். கஸ்டமர் வாயில் நீங்களே வார்த்தையை வைத்துவிட்டு, அதற்கு ஒரு சாஃப்ட்வேரும் செய்துகொண்டு வருவீர்களா என்று லெக்சரர் கேட்டாள். ஒரு வாரம் தருகிறேன், முதலிலிருந்து கேட்டுத் திருத்திக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் எல்லாருமே அடுத்த செமஸ்டரில் திரும்பப் படியுங்கள் என்று சொல்லிவிட்டாள். பரவாயில்லையே என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

காரில் பாதி வழியில் பேத்தி ஆரம்பித்தாள்.

“தலையாட்டினா உங்களுக்கு என்ன பாட்டி கொறைஞ்சு போயிருக்கும்? இப்போ எல்லாரும் என்னைத்தான் திட்டுறாங்க.”

“பொய் எழுதினது யாரு?”

“எல்லா டீமும் இப்படித்தான் லா செய்யுறாங்க.”

“அப்போ கேட்கவே முடியாதபடி எல்லா டீமோட பாட்டியும் செத்துப் போயிட்டாங்களா?”

பேத்தி ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

மறுநாள் குழு வந்தது. முறுக்கு கொடுக்கவில்லை. பேத்தியை எனக்கு எதிரே பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைத்து, கேள் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஃபோனைப் பார்த்து, இந்த வேலையில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று வாசித்தாள்.

“ஆர்டர் வாங்குறது கஷ்டமில்ல. வேணாம்னு சொல்றதுதான் கஷ்டம்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். விவரமாகச் சொன்னேன். வருடம் முழுக்க என்னைப் பற்றிப் புறம் பேசிவிட்டு தீபாவளிக்கு மட்டும் அக்கா என்று வருகிறவர்கள், போன வருடம் எண்ணெய் வாடை என்று குறை சொன்ன சம்பந்தி, எல்லாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல முடியாமல் இடுப்பு ஒடியச் சுடுகிறேன். இவர்கள் முதலில் செய்த சாஃப்ட்வேரோ ஆர்டர் கேட்கிறவனுக்கெல்லாம் தானாகவே சரி சொல்லி, என் பேரில் நன்றியும் சொல்கிறது. எனக்கு வேண்டியது வேறு. கேட்கிறவர்கள் காத்திருக்கட்டும். நான் விரும்பினால்தான் ஆர்டர். முடியாது என்பதை அந்த மெஷினே மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும்.

நம் பையன் மலாயில் எடுத்துச் சொல்ல, சீனப் பெண் சிரித்துக்கொண்டே அதைக் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?” என்றாள் பேத்தி.

“நீ கேட்டியா?”

பாஸாகிவிட்டார்கள். பெரிய மார்க் இல்லை. பேத்தி சிங்கப்பூர் போனாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அவள் அம்மாவுக்கு ஃபோன் போட்டுத்தான் நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள்.

பேத்தியை நானே ஃபெயிலாக்கப் பார்த்தேன் என்று அக்கம் பக்கத்தில் பேச்சு கிளம்பி, விசாரிக்க வந்தார்கள். பாதிப் பேர் அந்த மெஷினிடம் ‘முடியாது’ என்று பதில் வாங்கியவர்கள். எல்லாரையும் வாசலிலேயே நிற்க வைத்துச் சொன்னேன்:

“ஆமா, உண்மைதான். இனிமே அவ சிங்கப்பூர்ல எவனுக்காவது ஏதாவது செய்யுறதுக்கு முன்னாடி அவன்கிட்ட வாயைத் திறந்து கேட்பா. கேட்கலன்னா எனக்குச் சொல்லி அனுப்பட்டும், பஸ் ஏறி அங்கயும் போய், ‘அவங்க அப்படிச் சொல்லல, சொல்லல’ன்னு கத்துவேன்.”