மரத்துக்கு நான் போட்ட கையெழுத்து

எனக்கு மரத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பார்க்கிறவள் நான். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட் படிவம் அனுப்புவார்கள். அதில் கேட்டதெல்லாம் எங்களிடம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் காட்டுவதுதான் என் வேலை. அந்த மரத்தை வெட்டி எடுத்தாயிற்று. ஆனாலும் காற்று வீசினால் எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

கம்பெனிக்குள் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. மதியம் அறுபது பெண்களாவது அதன் நிழலில்தான் சாப்பிடுவார்கள். குழந்தைகள் அறையில் தகரக்கூரை கொதிக்கும் என்று ஆயா தாழ்ந்த கிளையில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தாள். தூத்துக்குடியிலிருந்து வந்து தையல் மிஷினில் உட்காரும் பெண்ணின் எட்டு மாதக் குழந்தை அதில் தூங்கும்.

மரம் ஆட்கள் மேல் விழாது என்று வருடத்துக்கு ஒருமுறை வனவியல் படித்து முறையாகப் பதிவு பெற்ற ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வருவார். வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். "மொதல்ல மூட்டைய எடுங்க" என்பார். மரத்தின் பின்பக்கம் முழுக்கப் பனியன் வேஸ்ட் மூட்டைகளைச் சாய்த்து அடுக்கியிருப்போம். அதை எடுத்து நகர்த்த நாலு பேருக்கு அரை நாள் போய்விடும். பிறகு மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பெரிய டாக்டர் என்று நினைப்பு என்று நான் பல்லைக் கடிப்பேன்.

இந்த முறை வந்த படிவத்தில் 'பதிவு பெற்ற' என்ற சொல்லைக் காணோம். மெயில் போட்டு விசாரித்தேன். அவர்கள் நாட்டில், அவர்கள் இருக்கிற மாநிலத்தில் வனவியலாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிற சட்டத்தையே எடுத்துவிட்டார்களாம். அதனால் இங்கேயும் 'தகுந்த ஒருவர்' பார்த்தால் போதுமாம்.

முதலாளிக்கு ஒரே குஷி. "அப்பறம் எதுக்குங்க மேடம் அந்தாளு? மரம் பச்சப்பசேல்னு இருக்குது. நீங்களே ஒரு கையெழுத்தப் போட்டு உடுங்க."

எனக்கும் குஷிதான், பொய் சொல்வானேன். முன்பக்கம் நின்று செல்போனில் மூன்று படம் எடுத்தேன். 'மரம் உறுதியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஒரு மதியம் அந்தக் காற்று வந்தது. கைத் தடிமனில் ஒரு கொம்பு முறிந்து ஒருத்தியின் சோற்று டப்பா மேல் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஆபீஸ் ஜன்னலில் நின்ற எனக்குக் கோயம்புத்தூர்க்காரர் சொல்வது ஞாபகம் வந்தது. மொதல்ல மூட்டைய எடுங்க. அடக் கருமமே! நான் மூட்டையையே எடுக்கவில்லையே!

அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடம் சொல்ல? சொன்னால் வேலை போய்விடும். மடியில் கனம் இருக்கிறவளுக்கு வழியெல்லாம் பயம். தொட்டில் ஆடும்போதெல்லாம் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் காலையில் தாங்க முடியாமல் லோடுமேன்களைக் கூப்பிட்டு மூட்டைகளை இழுக்கச் சொன்னேன்.

பட்டை கறுத்து ஈரமாக இருந்தது. விரலால் அழுத்தினேன். ஊறின ரொட்டி மாதிரி உள்ளே போயிற்று. கையை விட்டேன். முழங்கை வரைக்கும் இறங்கியது. வெளியே எடுத்தபோது கையெல்லாம் எறும்பு.

முதலாளிக்குப் போன் செய்தேன். "ஷிப்மெண்ட் போகட்டுங்க. ஆடிட் வர்ற வாரத்துல மரத்த வெட்டுனா ஏன் வெட்டுனீங்கன்னு கேப்பான். நீங்கதானுங்க உறுதியா இருக்குதுன்னு எழுதிக் குடுத்தீங்க?" என்றார்.

அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. டப்பாக்களோடு பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். காற்று வேறு. நான் ஓடினேன். தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "யாரும் மரத்துக்கிட்ட வராதீங்க!" என்று கத்தினேன். என் கத்தலில் குழந்தை வீறிட்டு அழுதது.

தூத்துக்குடிக்காரி ஓடிவந்தாள். "என்னக்கா ஆச்சு? பிள்ளைய எதுக்குத் தூக்குதிய?"

"மரம் உள்ளுக்குள்ள பொந்தாப் போச்சும்மா. பின்னாடி பாக்காமயே நல்லாருக்குதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டேன். திட்டுவாள், அறைந்தாலும் அறைவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். மரத்தை விட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்று திரும்பினாள்.

"தீயணைக்கிற சிலிண்டரு, நாங்க தைக்கிற ஹாலோட பின்வாசக் கதவு, அதுக்கெல்லாமும் நீங்கதானக்கா கையெழுத்துப் போடுதிய?"

"ஆமா" என்றேன்.

அறுபது பேரும் வெயிலில் சோற்று டப்பாவோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பின்வாசல் கதவை நான் திறந்து பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.